ஜன்னல் வியர்த்த வீடு: மீன்தொட்டிக்கு மூடி தேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழைதான் இந்த ஊரை அதிகம் நனைக்கும். அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை வெயிலே காணாத வாரங்கள் வரும். அந்த நாட்களில் எந்த வீட்டிலும் துணி காயாது, உப்பு கட்டிபிடிக்கும், தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். ஓதம் இங்கே யாருக்கும் புதிது இல்லை.

இந்த ஆய்வில் வரும் வீடு பழைய காலத்துக் கட்டடம். தடித்த சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள், ஹாலில் கணப்படுப்பு. புகைபோக்கி வழியாகக் குளிர் இறங்குகிறது என்று கணப்பின் வாயைச் சில வருடங்களுக்கு முன் பிளைவுட் வைத்து அடைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவர் மனைவி, மகன், மருமகள், பள்ளி செல்லும் பேத்தி என ஐந்து பேர் அங்கே இருக்கிறார்கள். மீன்தொட்டி அமைப்பதும் பராமரிப்பதும் என் வேலை. ஆசிரியர் கூப்பிட்டது தொட்டிக்காக அல்ல, தொட்டியை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்பதற்காக.

"தம்பி, போன வருஷம் வரைக்கும் இந்த ஹால் ஜன்னல் இப்படி வியர்த்ததில்லை. தொட்டி வந்த பிறகுதான். வீட்டில் எல்லாரும் அதைக் குடுத்துடுங்கன்னு சொல்றாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே ஏறத்தாழ 220 லிட்டர் தண்ணீர். ஏஞ்சல் மீன்கள், கொஞ்சம் டெட்ரா, வேரூன்றிய செடிகள். 200 வாட் ஹீட்டர் 28 டிகிரியில் வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கம் முழுக்க டாப் பில்டர், அதாவது தொட்டியின் மேல் உட்காரும் நீர் வடிகட்டி. தொட்டியோடு வந்த பிளாஸ்டிக் ஹூடில் (விளக்கு பொருத்திய மூடியில்) இருந்த விளக்கு செடிகளுக்குப் போதவில்லை என்று அதைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு, கால் வைத்த எல்இடி விளக்கு வாங்கியிருந்தார்கள். அதாவது தண்ணீர்ப்பரப்பு முழுவதும் திறந்தே கிடந்தது.

பார்த்தவை

நவம்பரில் ஒரு மழை நாள் மாலை நான் போனபோது ஹால் ஜன்னல்களின் உள்பக்கம் நீர் கோடுகோடாக இறங்கி, மரச் சட்டத்தின் அடியில் தேங்கி நின்றது. சட்டத்தின் மூலைகளில் கருப்புப் புள்ளிகள். ஹாலில் இருந்த மர பீரோவை நகர்த்திப் பார்த்தோம். பின்னால் இருந்த சுவரில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பக்கத்துப் படுக்கையறையின் கிழக்குச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருந்தது.

ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. கேட்டபோது, குளிர் தொடங்கியதிலிருந்து அப்படித்தான் என்றார்கள். தினமும் காலையில் ஒரு சிறு குடம் தண்ணீர் ஊற்றுவது ஆசிரியரின் மனைவியின் வேலை. "ஊத்த ஊத்தக் குடிச்சிட்டே இருக்கு" என்றார் அந்த அம்மா. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கான பதில் ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அது முழுப் பதிலா என்பது அன்று தெரியாது. ஹாலின் ஒரு மூலையில் கொடி கட்டி ஒரு வாளித் துணி காய்ந்துகொண்டிருந்ததையும் பார்த்தேன்.

பேத்திக்குக் குளிர்காலத்தில் இளைப்பு வருவது உண்டு. வீட்டார் தொட்டியைச் சந்தேகித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டேன். அவர்களும் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூடிக்கு முன் அளவு

எந்த மூடி வாங்கலாம் என்ற பேச்சை அன்று எடுக்கவில்லை. தொட்டியிலிருந்து எவ்வளவு நீர் காற்றில் கலக்கிறது, அது இந்த வீட்டுக்குப் பெரிதா சிறிதா என்பது தெரியாமல் மூடியைத் தேர்ந்தால் அது ஊகமாகத்தான் இருக்கும்.

தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் ஒரு காகித டேப் ஒட்டி, சில நாட்கள் தண்ணீர் ஊற்றாமல் ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 மி.மீ. இறங்கியது. உள்பரப்பு அரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல் என்பதால், ஒவ்வொரு மில்லிமீட்டரும் அரை லிட்டர். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர்.

கேட்பதற்கு இரண்டு லிட்டர் பெரிதாகத் தோன்றாது. அந்த ஹாலோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும். ஹால் 14 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. ஏறத்தாழ 48 கன மீட்டர் காற்று. 18 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 15 கிராம் சொச்சம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியென்றால் அந்த ஹால் காற்று முழுக்க நிறைந்தாலும் அதில் இருக்கக்கூடிய நீர் முக்கால் லிட்டருக்கும் குறைவு. அதற்குள் தொட்டி தினமும் இரண்டு லிட்டரைச் செலுத்துகிறது. ஜன்னல் இடுக்கு, கதவு வழியாகக் காற்று மாறுவதால் பெரும்பகுதி வெளியேறிவிடும். கணப்பை அடைத்து, குளிருக்காக ஜன்னலையும் பூட்டி வைத்த வீட்டில் அந்த வெளியேற்றம் மெதுவாகவே நடக்கும்.

ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கச் சொன்னேன். விலை குறைந்த மீட்டர்கள் சில புள்ளிகள் தள்ளிக் காட்டும் என்பதால், முதலில் ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை ஈரமாகப் பிசைந்து வைத்து, அதையும் மீட்டரையும் ஒரு டப்பாவில் அடைத்துப் பல மணி நேரம் விட்டோம். அந்த டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் காட்டுவது எவ்வளவு விலகுகிறதோ அதைக் கணக்கில் கழித்துக்கொண்டால் போதும். அந்தத் திருத்தத்தோடு பார்த்தபோது மழை நாள் மாலைகளில் ஹாலில் 80 சதவீதத்துக்கு மேல் காட்டியது. 18 டிகிரியில் 80 சதவீதம் என்றால், 14 டிகிரிக்குச் சற்று மேலேயே காற்று பனிக்கத் தொடங்கிவிடும். வெளியே 9, 10 டிகிரி இருக்கும் இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். வியர்க்காமல் என்ன செய்யும்?

சுவர்களுக்கு வேறொரு சோதனை. ஓரடிச் சதுரத்தில் பாலித்தீன் வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் சில நாட்கள் விட்டோம். பீரோவுக்குப் பின்னால் ஒட்டியதில் வெளிப்பக்கம் ஈரம். அது அறைக் காற்றிலிருந்து வந்தது. படுக்கையறைக் கிழக்குச் சுவரில் ஒட்டியதில் பாலித்தீனுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர்; அது சுவருக்குள்ளிருந்து வந்தது. மழை அடிக்கும் பக்கத்துச் சுவர் அது. தொட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அப்போதே வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். இதை முதலிலேயே சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் மூடி போட்ட பிறகும் அந்தச் சுவர் உதிரும்போது மூடி தோற்றதாகத்தான் நினைப்பார்கள்.

யோசித்து விட்ட வழிகள்

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கலாமா என்று மகன் கேட்டார். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பம் வேண்டும். இந்தத் தொட்டியில் அந்த வெப்பத்தைப் பெரும்பாலும் ஹீட்டர்தான் கொடுக்கிறது, நாளுக்கு 1.3 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத பில்லில் 80 யூனிட். மின்சாரம் செலவழித்துத் தண்ணீரை ஆவியாக்கி, மறுபடி மின்சாரம் செலவழித்து அதைத் தண்ணீராக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைக்கடக்கமான சிறு இயந்திரங்கள் நாளுக்கு இரண்டு லிட்டரை எடுக்கும் திறன் உள்ளவையும் அல்ல. பீரோவுக்குள் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சிப் பைகள் பீரோவுக்குச் சரி, ஹாலுக்கு ஆகாது.

ஹீட்டரே வேண்டாத மீன்களுக்கு மாறுவது இரண்டாவது வழி. குன்னூர் குளிருக்குக் கோல்டு பிஷ் நன்றாக வாழும். தண்ணீரும் அறையும் ஒரே வெப்பத்தில் இருந்தால் ஆவியாதல் கால்வாசிக்கு இறங்கிவிடும், ஏனென்றால் நீர் ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பதில் தண்ணீரின் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. புதிதாகத் தொட்டி வைக்கும் மலைவாசிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் ஆசிரியரின் ஏஞ்சல்களில் ஒரு ஜோடி அந்தத் தொட்டியிலேயே முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வளர்த்திருந்தது. அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, அவரும் கேட்பதாக இல்லை.

ஆக, மூடி.

செலவில்லாமல் ஒத்திகை

கண்ணாடி வெட்டக் கொடுப்பதற்கு முன், சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் கனத்த டிரான்ஸ்பரன்ட் ஷீட்டை வாங்கித் தொட்டியின் மேல் விரித்துப் பார்த்தோம். மூடி எவ்வளவு உதவும் என்பது இதில் தெரிந்துவிடும். உதவாவிட்டால் ஷீட் மேசைக்குப் போகும்.

முதலில் முன்பக்கத்தை மட்டும் மூடினோம். பின்னால் டாப் பில்டர் உட்கார்ந்த பகுதியும் அதன் சுற்றுமாகச் சேர்த்து நான்கைந்து அங்குலம் திறந்திருந்தது. பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு மூடியாகிவிட்டது. ஆவியாதலும் அந்த அளவுக்குக் குறையும் என்று வீட்டில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மட்டம் 4 மி.மீ.க்குப் பதில் இரண்டரை மி.மீ. இறங்கியது. அவ்வளவுதான்.

காரணம் இது: தண்ணீருக்கு மேல் இருக்கும் காற்று வெதுவெதுப்பானது, ஈரமானது, அதனால் அறைக் காற்றைவிட லேசானது. ஒரு நீண்ட இடைவெளி கிடைத்தால் அதன் வழியே மேலேறிக்கொண்டே இருக்கும், குளிர்ந்த காற்று அதே இடைவெளியில் இறங்கி அதன் இடத்தைப் பிடிக்கும். போதாததற்கு டாப் பில்டரின் திறந்த தட்டில் தண்ணீர் ஸ்பாஞ்சின் மேல் பரவி ஓடி, விளிம்பிலிருந்து சலசலவென்று தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அதுவும் மூடாத ஒரு நீர்ப்பரப்புதான்.

அடுத்த வாரம் பில்டர் தட்டையும் சேர்த்து மூடி, குழாய்களும் வயர்களும் போகும் இடத்தில் மட்டும் சிறு வெட்டு விட்டோம். மட்டம் நாளுக்கு அரை மி.மீ. அளவுக்குத்தான் இறங்கியது. முன்பு இரண்டு லிட்டர், இப்போது கால் லிட்டர் சொச்சம். இதே மாதிரியான மழை மாலைகளில் ஹால் ஈரப்பதம் 70-ஐ ஒட்டி நின்றது. ஜன்னலின் கீழ் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஆவிப்படலம், நீர் வழியவில்லை.

மூடியைப் பற்றி இந்த வீட்டில் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது இதுதான். கடைக்கு வருபவர்கள் கண்ணாடியா அக்ரிலிக்கா என்றுதான் கேட்பார்கள். ஆவியாதலைத் தீர்மானிப்பது பொருள் அல்ல, பின்பக்க இடைவெளி. ரெடிமேட் ஹூடுகள் பலவற்றில் எந்த பில்டருக்கும் பொருந்தட்டும் என்று பின்னால் அகலமாக வெட்டி விட்டிருப்பார்கள். இந்த வீட்டின் பழைய ஹூடும் அப்படித்தான். அதைத் திரும்ப எடுத்து மாட்டியிருந்தால் பாதிப் பலன்கூடக் கிடைத்திருக்காது.

மீன் மூச்சுத் திணறாதா?

ஆசிரியர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி, அதுவும் குன்னூரில். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 25 டிகிரித் தண்ணீரில் கடற்கரை ஊரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும். இங்கே ஆறரையை ஒட்டித்தான். கையிருப்பு குறைவாக இருக்கும் ஊரில் மூடி போடும்போது கவனம் வேண்டும்.

அதனால் ஏர் பம்ப் கட்டாயம் என்று முடிவெடுத்தோம். பம்ப் மூடிக்கு வெளியே இருந்து அறைக் காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3 லிட்டர் தள்ளும் சிறு பம்ப் போதும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் காற்று 15 லிட்டர் சொச்சம். அது ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகிவிடும். அந்தக் காற்று வெளியேறும்போது ஈரத்தையும் கொண்டுபோகாதா என்றால், கொண்டுபோகும். நாள் முழுதும் சேர்த்தாலும் 100 மில்லியைத் தாண்டாது. மீனுக்கு வேண்டிய காற்றோட்டம் மிகச் சிறியது, அதற்காகத் தொட்டியைத் திறந்து போட வேண்டியதில்லை. ஒத்திகை நாட்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடவில்லை. தீனியும் வழக்கம்போல எடுத்தன.

பொருள் தேர்வு

அக்ரிலிக்கை முதலில் ஒதுக்கினேன். அது ஈரத்தை உறிஞ்சி உப்பும். அடிப்பக்கம் மட்டும் எப்போதும் நனைந்திருப்பதால் சில மாதங்களில் நடுவில் தொய்ந்து, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். இடைவெளியை அடைக்கத்தானே மூடி. இடைவெளியைத் தானே உண்டாக்கும் மூடி எதற்கு? தெர்மாகோல் செடிகளுக்கு ஒளியை மறைக்கும். வலை மீன் துள்ளாமல் காக்கும், ஆவியைத் தடுக்காது.

கண்ணாடி வளையாது, ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதத்தை விடும், துடைத்தால் புதிது போல் ஆகும். குறை எடைதான்: 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல். முழுத் தொட்டிக்கும் ஒரே துண்டாகப் போட்டால் அந்த அம்மாவால் தூக்க முடியாது. உள்ளே இரட்டைச் சுவரும் நடுவில் வரிவரியான காலியிடமும் கொண்ட பாலிகார்பனேட் ஷீட், கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரையாகப் போடுவார்களே அது, 6 மி.மீ. தடிப்பில் சதுர மீட்டருக்கு ஒன்றேகால் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். வளையாது, கத்தியால் வெட்டலாம், நடுவில் காற்று இருப்பதால் குளிரையும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அதன் வழியே மீனைத் தெளிவாகப் பார்க்க முடியாது. வெட்டிய முனைகளை மூடாவிட்டால் வரிகளுக்குள் நீர் புகுந்து பாசி பிடிக்கும்.

இரண்டையும் கலந்து போட்டோம். முன்பக்கத்துக்கு 4 மி.மீ. கண்ணாடி இரண்டு துண்டு, ஓரம் தேய்த்து, தீனி போட முன்மூலையில் சிறிதாக வெட்டி, சிலிகானால் ஒரு சிறு கைப்பிடி ஒட்டி. ஒரு துண்டு இரண்டு கிலோ சொச்சம். ஒரு கையால் தூக்கலாம். பின்பக்கத்துக்குப் பாலிகார்பனேட் பட்டை, பில்டர் குழாய்க்கும் ஏர் டியூபுக்கும் ஹீட்டர் வயருக்கும் அளவாக வெட்டி. கூரை போடும் பட்டறையில் மிச்சத் துண்டு மலிவாகக் கிடைத்தது. பில்டர் தட்டின் மேலும் அதிலேயே ஒரு துண்டு. முனைகளைச் சிலிகானால் அடைத்தோம். மீனுக்குப் பக்கத்தில் வரும் சிலிகானில் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலக்காததைத்தான் வாங்க வேண்டும். தடவிய பிறகு நன்றாகக் காயும்வரை தொட்டியில் வைக்கக் கூடாது.

மூடி உட்காரும் விதத்தில் பலரும் கவனம் வைப்பதில்லை. தொட்டி விளிம்பின் மேலேயே மூடியை வைத்து, அது வெளியே கொஞ்சம் நீண்டிருந்தால், அடியில் படிந்த நீர் ஓரம்வரை ஊர்ந்து வந்து தொட்டியின் வெளிப்பக்கமாக வழிந்து ஸ்டாண்டை ஊறவைக்கும். இங்கே விளிம்பில் கிளிப் மாட்டி, மூடியை விளிம்புக்குக் கீழே, தொட்டிக்கு உள்ளேயே உட்கார வைத்தோம். சொட்டுவதெல்லாம் திரும்பத் தொட்டிக்கே போகும்.

தொடர்ந்து நடந்தவை

மூடி போட்ட முதல் சில நாட்களில் ஹீட்டர் விளக்கு அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. மட்டம் ஒத்திகையில் இறங்கிய அளவுக்கே இறங்கியது. மூடியின் பலன் தனியாகத் தெரிந்த பிறகுதான் ஹீட்டரைத் தொட்டோம். இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாளுக்கு அரை டிகிரி வீதம் 28-லிருந்து 26-க்கு இறக்கினோம். ஏஞ்சலுக்கு அது வசதியான வெப்பம். முட்டையிட வைக்கத்தான் 28.

ஒரு தொல்லை வந்தது. சில நாட்கள் கழித்து ஸ்டாண்டின் பின்னால் தரையில் ஈரம். தொட்டி கசிகிறதோ என்று பயந்து கூப்பிட்டார்கள். கசியவில்லை. மூடிக்குள் ஹீட்டர் வயரில் படிந்த நீர், வயரைப் பிடித்துக்கொண்டே வெட்டு வழியாக வெளியே வந்து சொட்டிக்கொண்டிருந்தது. வயர் நேராக மேலிருந்து பிளக் பாயிண்டுக்குப் போயிருந்தால் அந்த நீர் பிளக்குக்குள்ளேயே போயிருக்கும். நல்லவேளையாக பிளக் உயரத்தில் இருந்ததால் வயர் கீழே தொங்கி மேலேறியது. அந்தத் தொங்கலை இன்னும் தாழ்த்தி, வெட்டுக்குள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகினோம். சொட்டு நின்றது. மூடி போடும் ஒவ்வொரு வீட்டிலும் வயர் பிளக்குக்குக் கீழே இறங்கி ஏறுகிறதா என்று பார்ப்பதை நான் விடுவதில்லை.

கண்ணாடியின் அடியில் வாரக் கடைசிக்குள் வெண்படலமும் பச்சையும் படிந்து ஒளி குறைந்தது. வாரம் ஒருமுறை துடைப்பது மருமகளின் பொறுப்பானது. இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டியிருந்தது: தண்ணீர் ஊற்றும் வேலை குறைந்ததால் தண்ணீர் மாற்றும் வேலையும் குறைந்துவிட்டதாக வீட்டார் எண்ணத் தொடங்கினார்கள். இரண்டும் வேறு. ஆவியாகும்போது சுத்த நீர் மட்டும் போகும். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் உள்ளேயே தங்கும். வாரம் கால்வாசி மாற்றுவது முன்போலவே தொடர வேண்டும்.

ஜன்னல்கள்? டிசம்பர் முழுக்க ஹால் ஜன்னலில் நீர் வழிந்த காலைகள் அரிதாகிவிட்டன. அவை எப்போது என்று பார்த்தால், முந்தைய நாள் ஹாலில் துணி காயப் போட்ட நாட்களாக இருந்தன. கையால் பிழிந்த ஒரு வாளித் துணியில் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். திறந்த தொட்டி ஒரு நாளில் விட்ட அதே அளவு. கொடியைப் பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றினார்கள். கணப்பின் பிளைவுட்டில் ஒரு கை அகலத் திறப்பு வெட்டி, பூச்சி வராமல் வலை அடித்தார்கள். குளிர் கொஞ்சம் கூடுகிறது என்பது ஆசிரியரின் குறை, அது உண்மைதான்.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் நகர்த்தி, சுவரைத் துடைத்துக் காயவைத்தார்கள். அங்கே பூஞ்சணம் அந்தக் குளிர்காலத்தில் திரும்பவில்லை. படுக்கையறைக் கிழக்குச் சுவரில் எந்த மாற்றமும் இல்லை, எதிர்பார்த்ததே. அடுத்த மின்கட்டணம் முந்தைய வருடத்து அதே மாதங்களைவிடக் குறைவாக வந்தது. ஆனால் கீசர் பயன்பாடும் அந்த வருடம் மாறியிருந்ததால் அதை முழுக்க மூடியின் கணக்கில் எழுத மாட்டேன். பேத்தியின் இளைப்பு பற்றியும் அப்படியே: இந்த மாற்றத்தால் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு எதுவும் கையில் இல்லை.

வீட்டின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்பார்கள். மழை வாரங்களில் இந்த வீடு அந்த எண்ணைத் தொடவில்லை. வெளியே 12 டிகிரியில் மேகம் கவிந்து நிற்கும் காற்றை உள்ளே 18 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 65-ஐ ஒட்டித்தான் வரும். மூடியால் ஊரின் வானிலையை மாற்ற முடியாது. தொட்டி கூட்டிய பங்கை அது எடுத்தது, அந்தப் பங்கு பெரிதாக இருந்தது.

மாற்றிச் செய்யக்கூடியவை

இதே மாதிரி இன்னொரு மலை வீட்டில், மழைக்கு முன்பே மீட்டர் வைத்து, தொட்டி இல்லாத இன்னொரு அறையிலும் சேர்த்து அளப்பேன். இரண்டு அறைகளின் வித்தியாசமே தொட்டியின் பங்கைப் பாதி சொல்லிவிடும். கொடியைத் தொட்டிக்கு முன்பே வெளியேற்றுவேன். அதற்குச் செலவே இல்லை. டாப் பில்டர் பழையதாகி மாற்றும் காலம் வரும்போது தொட்டிக்குள்ளேயே இருக்கும் ஸ்பாஞ்ச் பில்டருக்கோ, ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கும் கேனிஸ்டர் என்ற மூடிய பில்டருக்கோ போகச் சொல்வேன். பின்பக்க வெட்டு அப்போது இரண்டு குழாய் அளவுக்குச் சுருங்கிவிடும்.

இந்த மூடியை அப்படியே சமவெளிக்குக் கொண்டுபோகக் கூடாது. கோவையிலோ சென்னையிலோ ஏப்ரல், மே மாதங்களில் தொட்டியைக் குளிர்விப்பதே அந்த ஆவியாதல்தான். அங்கே பின்பக்கத்தையும் இறுக மூடினால் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். வெப்பம் ஏற ஏறக் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். ஏசி அறையில் இருக்கும் தொட்டிக்கு மூடி பொருந்தும், ஏனென்றால் தொட்டி விடும் ஈரத்தை ஏசி தன் மின்சாரத்தில் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஜன்னல் திறந்த, மின்விசிறி ஓடும் ஹாலில் கோடைக்கு வலையும் மழைக்காலத்துக்குக் கண்ணாடியும் என்று மாற்றி மாற்றி வைப்பதே சரி. அதற்காகத்தான் மூடியைத் துண்டு துண்டாகச் செய்யச் சொல்கிறேன்.

தொட்டி அதே ஹாலில் இருக்கிறது. கிழக்குச் சுவரின் வெளிப்பூச்சைப் பிப்ரவரி, மார்ச் வெயிலில் தட்டி எடுத்து மறுபடி பூச மேஸ்திரியிடம் பேசியிருக்கிறார்கள். பூசிய பிறகு அந்தச் சுவரில் பாலித்தீன் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.